மிளகாய்ப் பழ அழுகல்: நோய்ப் பூசணத்தை வகைப்படுத்துவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பழுத்த மிளகாயில் குழி விழுந்து, குழிக்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள் தோன்றினால் அதற்குக் காரணம் 'கொலிட்டோட்ரைக்கம் காப்சிசி' என்ற பூசணம் என்றுதான் பெரும்பாலான துண்டறிக்கைகளும் பாட நூல்களும் சொல்கின்றன. வகைப்பாட்டில் அந்தப் பெயர் 2009-லேயே வேறொரு பெயருக்குள் அடங்கிவிட்டது. அதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. அதே குழியை உண்டாக்கக்கூடிய சிற்றினங்கள் இன்று பத்துக்கும் மேல் பதிவாகியிருப்பதுதான் சிக்கல். எந்த மருந்து கேட்கும், சுழற்சியில் எந்தப் பயிரைப் போடலாம், எதிர்ப்பு ரகம் தாங்குமா என்பதெல்லாம் காயில் இருப்பது எந்தச் சிற்றினம் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரே நோயை எடுத்துக்கொண்டு, பெயர் எப்படி வந்தது, எங்கே பிசகியது, ஓர் ஆய்வகம் எந்தச் சான்றைக் கொண்டு எதுவரை உறுதியாகச் சொல்லலாம் என்று இங்கே பார்க்கிறோம்.

காயில் தெரிவது

நோய் முதலில் கிளையில் காட்டும். பூக்கும் பருவத்தில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். காய்ந்த குச்சி வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து, மேலே கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். இது நுனிக்கருகல். பழத்தில் வருவது பழ அழுகல். நீர் கோத்த சிறு புள்ளியாகத் தொடங்கி, காயின் நீளவாக்கில் விரிந்து, குழிந்து போகும். அறுத்துப் பார்த்தால் உட்சுவரில் பூசண இழை படர்ந்திருக்கும், விதைகள் நிறம் மாறியிருக்கும். காய்ந்த பிறகு அந்த இடம் வெளிறிவிடும். வத்தல் சந்தையில் சோடை என்று ஒதுக்கப்படுவதில் இந்த நோய்க்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் வெயில் சுட்டு வெளுத்ததும் அரைப்பழுப்பில் பறித்துக் காய்ந்ததும் அதே குவியலில்தான் கிடக்கும். சோடையின் அளவை வைத்து நோயின் அளவைக் கணக்கிடுவது தவறு.

மாதிரி எடுக்கும்போதே மூன்று போலிகளைத் தள்ள வேண்டும். வெயில் சூடு பட்ட இடம் காகிதம்போல் வெள்ளையாக, சூரியனைப் பார்த்த பக்கம் மட்டும் இருக்கும். பிறகு அதன்மேல் ஆல்டர்நேரியா என்ற வேறொரு பூசணம் ஏறிக் கரும்பச்சை வெல்வெட் போலப் படரும். கால்சியம் பற்றாக்குறையில் வரும் அழுகல் காயின் நுனிப்பக்கம் தொடங்கும். பாக்டீரியா அழுகலில் காய் தோலோடு பையாகத் தொங்கி நாற்றமடிக்கும். கொலிட்டோட்ரைக்கத்தின் அடையாளம் அந்தக் குழிக்குள் உள்ள அசெர்வுலஸ்கள், அதாவது தோலைக் கிழித்து வெளிவரும் வித்துக் குவியல்கள் (வித்து என்பது பூசணம் பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்). 10 மடங்கு கை லென்ஸ் போதும். குவியலிலிருந்து முள்போல் கரிய மயிர்கள் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு வகை. மயிர் தெரியாமல் சால்மன் நிறப் பிசின் துளித்தாற்போல் இருந்தால் வேறு வகையாக இருக்க வாய்ப்பு. வாய்ப்புதான், தீர்ப்பு அல்ல, காரணம் கீழே.

1913 முதல் 1957 வரை

மிளகாயில் கண்ட இந்தப் பூசணத்துக்கு 1913-ல் 'வெர்மிக்குலேரியா காப்சிசி' என்று பெயரிட்டவர் ஜெர்மானியப் பூசணவியலாளர் சிடோ. மாதிரி போனது கோயம்புத்தூரிலிருந்து. 1931-ல் பட்லரும் பிஸ்பியும் இந்தியப் பூசணங்களைத் தொகுத்தபோது அதைக் கொலிட்டோட்ரைக்கம் பேரினத்துக்கு மாற்றினார்கள். கரிய மயிர் உள்ளவை வெர்மிக்குலேரியா அல்லது கொலிட்டோட்ரைக்கம், இல்லாதவை குளோயோஸ்போரியம் என்பது அன்றைய பிரிவு. கூடவே எழுதப்படாத ஒரு விதியும் நடப்பில் இருந்தது: புதுப் பயிரில் கண்டால் புதுப் பெயர். மிளகாயில் காப்சிசி, மஞ்சளில் குர்க்குமே என்று பயிரின் லத்தீன் பெயர் பூசணத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு அளவுகோலும் ஆட்டம் கண்டவை. மயிர் வருவதும் வராததும் ஈரப்பதத்தையும் ஊடகத்தையும் பொறுத்தது. காயில் மயிரோடு இருந்த பூசணமே தட்டில் வளர்த்தால் மொட்டையாக நிற்கும். பயிரை வைத்துப் பெயரிட்டதால் ஒரே பூசணம் பல பெயர்களில் உலவியது. 1957-ல் ஃபான் ஆர்க்ஸ் இந்தக் காட்டை வெட்டித் தள்ளினார். ஏறத்தாழ 750 பெயர்கள் 11 சிற்றினங்களாகச் சுருங்கின. அதில் 600 அளவுக்கு ஒரே பெயருக்குள், 'கொலிட்டோட்ரைக்கம் குளோயோஸ்போரியாய்டிஸ்' என்பதற்குள் போய்விட்டன. முன்பு அளவுக்கு மீறிப் பிரித்தார்கள். இப்போது அளவுக்கு மீறிச் சேர்த்தாயிற்று. மா, பப்பாளி, எலுமிச்சை, மிளகாய் என எதில் நேர்வித்து கொண்ட கொலிட்டோட்ரைக்கம் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குளோயோஸ்போரியாய்டிஸ் என்று எழுதும் பழக்கம் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீடித்தது. 1960-களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் சிம்மண்ட்ஸ், முனை கூர்த்த வித்துகளை வைத்து அக்யூட்டேட்டம் என்பதைத் தனியாகப் பிரித்தது ஒரு விதிவிலக்கு. அது நல்ல பிரிப்பு என்பது பின்னால் மருந்துச் சோதனைகளிலும் தெரிந்தது.

காப்சிசி எங்கே போயிற்று

ஒரு பெயரின் பொருளை நிலைநிறுத்துவது அதன் மூலச் சான்று, அதாவது பெயரிட்டபோது அடையாளமாக வைத்த மாதிரி. 1913-ல் வைத்த உலர் மாதிரியில் வளர்க்க உயிருமில்லை, எடுக்க நல்ல டி.என்.ஏ.வும் இல்லை. அதனால் 2007-ல் ஓர் உயிர்க்கல்ச்சரைத் துணை மூலச் சான்றாக அறிவித்துக் காப்சிசியின் எல்லையைத் தெளிவாக்கினார்கள். இரண்டே ஆண்டில், 2009-ல், டாம் தலைமையில் வளைந்த வித்து கொண்ட இனங்கள் அனைத்தையும் பல மரபணுக்களால் ஒப்பிட்டபோது, அது 'கொலிட்டோட்ரைக்கம் ட்ரங்கேட்டம்' என்பதிலிருந்து வேறுபடவில்லை என்று தெரிந்தது. ட்ரங்கேட்டத்தின் மூலப்பெயர் 1832-ல் ஷ்வைனிட்ஸ் அமெரிக்காவில் கொடுத்தது. மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடல் விதி. கோவைப் பெயர் இணைப்பெயராகிவிட்டது.

இதன் நடைமுறை விளைவு சிறியதல்ல. ட்ரங்கேட்டம் சோயா மொச்சையிலும் வேறு பயறு வகைகளிலும் நோய் உண்டாக்குவது. மிளகாயில் இருப்பதற்கு ஒரு பெயர், சோயாவில் இருப்பதற்கு வேறு பெயர் என்று இருந்தவரை இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. ஒரே சிற்றினம் என்றால் அந்தச் சுழற்சியைத் தயக்கத்தோடுதான் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் நடந்தது. மஞ்சள் இலைப்புள்ளிக்கும் காப்சிசிதான் காரணம் என்று இன்னும் பல கையேடுகள் எழுதுகின்றன. அதே 2009 ஆய்வு மஞ்சளில் உள்ள குர்க்குமேயை நெருங்கிய உறவுள்ள, ஆனால் தனிச் சிற்றினமாக வைத்தது. மிளகாயும் மஞ்சளும் பக்கத்துப் பக்கத்து வயலில் நிற்கும் ஈரோட்டுப் பகுதிக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. கனடாவில் மைசூர்ப் பருப்புச் செடியைத் தாக்கிய 'ட்ரங்கேட்டம்' உண்மையில் வேறொரு கூட்டத்தை (நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுதி) சேர்ந்தது என்று 2014-ல் கண்டு லெண்டிஸ் என்று பெயர் வைத்தார்கள். வளைந்த வித்து என்ற ஒன்றை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

தட்டில் வளர்ப்பது

பாலித்தீன் பையில் கட்டி வந்த காய் வழியிலேயே வெந்து, பாக்டீரியாவும் ரைசோபஸ் என்ற பூசணமும் முந்திக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றி, தாள் உறையில் அனுப்ப வேண்டும். வெட்டுவது குழியின் நடுவில் அல்ல. நோயும் நலமும் சந்திக்கும் விளிம்பில், பாதித் துண்டு நல்ல திசுவாக இருக்கும்படி, 5 மி.மீ. அளவில். நடுப்பகுதியில் செத்த திசுவைத் தின்ன வந்த பூசணங்கள் நிறைந்திருக்கும்.

துண்டுகளை 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 1 நிமிடம் வைத்து, சுத்திகரித்த நீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஈரம் ஒற்றி, 9 செ.மீ. தட்டுக்கு நான்கு துண்டு வீதம் வைக்கலாம். வாங்கிய கரைசல் 4% என்றால் 1 பங்குக்கு 3 பங்கு நீர் சேர்த்தால் 1% வரும். திறந்து மாதக்கணக்கான புட்டியில் வலு குறைந்துபோயிருக்கும். தட்டெல்லாம் மாசு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். ஊடகம் வழக்கமான பி.டி.ஏ.: 1 லிட்டருக்கு உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20, அகார் 20. ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். 50 டிகிரிக்கு ஆறிய பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் 100 மி.கி. சேர்க்க வேண்டும்; சூட்டில் போட்டால் மருந்து கெட்டுவிடும். 25 டிகிரியில் மூன்றாம் நாள் இழை வெளிவரும்.

அடுத்ததுதான் பலர் தாண்டிப் போகும் படி: ஒற்றை வித்துக் கல்ச்சர். ஒரே குழிக்குள் இரண்டு சிற்றினங்கள் சேர்ந்து வாழ்வது அபூர்வம் அல்ல. பிரிக்காமல் டி.என்.ஏ. எடுத்தால் வரிசையில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் எழும்பும், அல்லது வித்து அளவு ஒன்றைச் சொல்ல மரபணு இன்னொன்றைச் சொல்லும். வித்துகளை நீரில் கலக்கி, குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்கு 10 முதல் 20 வித்து தெரியும்வரை நீர்த்து, 2% வெற்று அகாரில் பரப்பி, 12 முதல் 18 மணி நேரம் விட வேண்டும். தனியாக முளைத்து நிற்கும் ஒன்றைச் சுற்றியுள்ள அகாரோடு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றலாம். மேலும் தாமதித்தால் முளைக்குழாய்கள் பின்னிக்கொள்ளும். ஆய்வில் பாதித் தவறுகள் இந்த அரை நாள் வேலையைத் தவிர்ப்பதில்தான் தொடங்குகின்றன என்பது எங்கள் கணிப்பு.

நுண்ணோக்கி எதுவரை சொல்லும்

வித்துகளை லாக்டிக் அமிலத்தில் ஏற்றி, கண்வில்லை அளவுகோலை மேடை அளவுகோலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகு, குறைந்தது 30 வித்துகளை அளக்க வேண்டும். ட்ரங்கேட்டத்தின் வித்து அரிவாள்போல் வளைந்து, ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரான் நீளமும் 3 முதல் 4 மைக்ரான் அகலமும் கொண்டது. நடுவில் பெரிய எண்ணெய்த் துளி ஒன்று பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்தவுடன் வளைந்த வித்து கொண்ட இனம் என்று துணிந்து எழுதலாம். நேர்வித்துகளில் அந்த வசதி இல்லை. குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டத்தில் இரு முனையும் உருண்டிருக்கும், அக்யூட்டேட்டம் கூட்டத்தில் முனை கூர்த்திருக்கும் என்பது பாடநூல் விதி. மிளகாயை அதிகம் தாக்கும் ஸ்கோவில்லீ என்ற சிற்றினம் அக்யூட்டேட்டம் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் வித்துகளில் முனை உருண்டவையும் தாராளமாகக் கிடைக்கும். பழைய தட்டில் வித்துகள் சிறுத்தும் கோணலாகவும் வரும். வித்தை 7 முதல் 10 நாள் வயதில், சத்துக் குறைந்த எஸ்.என்.ஏ. ஊடகத்திலிருந்து எடுத்தால் அளவு ஒத்துவரும். அந்த ஊடகத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒட்டுறுப்புகளும் தெரியும். தோலில் ஒட்டி உள்ளே துளைக்கும் இந்தப் பழுப்பு உறுப்பின் ஓரம் மடல் மடலாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்பதைக் குறித்து வைக்கலாம்; ஆனால் அதை வைத்து மட்டும் பெயர் வைக்கக் கூடாது.

தட்டின் நிறமும் பெரிய சான்று அல்ல. ஒரே தனிமத்தை (காயிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த பூசணக் கல்ச்சர்) திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் சாம்பல் நிறம் வெள்ளையாகி, வித்து வருவதே நின்றுபோகும்.

மரபணு வரிசை

இழையைத் தட்டில் கறுக்கவிட்டு எடுத்தால் அதன் கரு நிறமியான மெலனின், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரைக் கெடுக்கும். திரவ ஊடகத்தில் 4, 5 நாள் வளர்ந்த வெள்ளை இழையில் 100 மி.கி. எடுத்து, சி.டி.ஏ.பி. முறையில் டி.என்.ஏ.வைப் பிரித்தாலே போதும். முதலில் பூசணங்களை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி, 550 காரம் (டி.என்.ஏ.வின் எழுத்து) அளவில் பட்டை வரும். பிறகு ஜி.ஏ.பி.டி.எச்., ஆக்டின், பீட்டா டியூபுலின், கைட்டின் சின்தேஸ் ஆகிய மரபணுக்கள். குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டம் என்று தெரிந்தால் ஏப்மேட் என்ற பகுதியும்.

ஐ.டி.எஸ். ஒன்றை மட்டும் வைத்து என்ன சொல்லலாம்? எந்தக் கூட்டம் என்று சொல்லலாம். வளைந்த வித்தும் சேர்ந்தால் ட்ரங்கேட்டம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குர்க்குமே போன்ற நெருங்கிய உறவுகளைத் தள்ள ஜி.ஏ.பி.டி.எச்.சையும் பார்த்துவிடுவது நல்லது. குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டத்துக்குள் ஐ.டி.எஸ். பயன்படாது. சியாமென்ஸ், ஃபிரக்டிகோலா, உண்மையான குளோயோஸ்போரியாய்டிஸ் ஆகியவற்றுக்கிடையே வேறுபடும் காரங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும். 2012-ல் வெயர், ஜான்ஸ்டன், டாம் ஆகியோர் இந்தக் கூட்டத்தை 22 சிற்றினங்களாகப் பிரித்தது பல மரபணுக்களின் துணையோடுதான்.

பெரிய குழி, டி.என்.ஏ. வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் இருக்கிறது. 2009-ல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், குளோயோஸ்போரியாய்டிஸ் என்ற பெயரில் அங்கே கிடந்த ஐ.டி.எஸ். வரிசைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூலச் சான்றோடு ஒத்துப்போகவில்லை. பிளாஸ்ட் என்ற ஒப்புமைத் தேடலைச் செய்து முதலில் வரும் பெயரை அப்படியே எழுதுகிறவர் இன்னொருவர் செய்த தவறைத் தன் பெயரில் மறுபதிப்பு செய்கிறார். அந்தப் பதிவும் ஜென்பேங்குக்குள் போய், அடுத்தவருக்கு 100% ஒப்புமை காட்டும். மூலச் சான்றுக் கல்ச்சர்களின் வரிசைகளை மட்டும் இறக்கி, வரிசைப்படுத்தி, மரபணுக்களை இணைத்து உறவு மரம் வரைந்து, கிளைகளின் உறுதியை அறிய 1,000 முறை பூட்ஸ்ட்ராப் (மறுமாதிரிச் சோதனை) செய்து பார்ப்பதே முறை. தனிமம் மூலச் சான்றோடு ஒரே கிளையில் வலுவான ஆதரவோடு அமரவில்லை என்றால் கூட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்படித் தேடியபோது பழைய படம் மாறியது. இந்திய மிளகாயில் சியாமென்ஸும் ஃபிரக்டிகோலாவும் நோய் உண்டாக்குவது 2014-ல் பதிவானது. 2019-ல் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, தாய்லாந்து, தைவான் ஆகிய இடங்களின் மிளகாய்த் தனிமங்களை ஆராய்ந்தவர்கள் ஜவனென்ஸ், மக்காசரென்ஸ், டைனனென்ஸ் என்று மூன்று புதுச் சிற்றினங்களைச் சேர்த்தார்கள்.

காயில் ஏற்றிப் பார்ப்பது

காயிலிருந்து பிரித்தெடுத்தது காயை அழுக வைத்ததாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கொலிட்டோட்ரைக்கத்தில் பல, நோயில்லாத இலைக்குள்ளும் சும்மா குடியிருப்பவை. ஆகவே பறித்த காயில் சோதனை அவசியம். 7 முதல் 10 நாள் தட்டில் சுத்த நீர் ஊற்றித் தேய்த்து, இரட்டை மஸ்லினில் வடித்து, ஹீமோசைட்டோமீட்டர் என்ற கட்டமிட்ட கண்ணாடியில் வித்துகளை எண்ண வேண்டும். 1 சதுர மி.மீ. கொண்ட பெரிய கட்டத்துக்குச் சராசரி 50 வித்து என்றால் மி.லி.க்கு 5 லட்சம். இதுவே பலர் பின்பற்றும் அடர்த்தி. பச்சைக் காயிலும் பழுத்த காயிலும், காயப்படுத்தியும் காயப்படுத்தாமலும் நான்கு விதமாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெறும் நீர் விட்ட காய் ஒப்பீட்டுக்கு வேண்டும். ஈரப் பெட்டியில் 48 மணி நேரம், 25 முதல் 28 டிகிரியில்.

ஊசிக் காயம் பட்ட காயில் ஏறக்குறைய எல்லாத் தனிமங்களும் அழுகலைக் காட்டும். அந்தச் சோதனை மட்டும் செய்துவிட்டு 'வீரியமானது' என்று எழுதுவதை நம்ப முடியாது. காயப்படாத காயில் துளி வைத்துக் குழி விழுந்தால்தான் அது தானாகத் துளைக்கும் வல்லமை உள்ளது. பச்சைக் காயில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பழுத்த பிறகு குழி விழுந்தால் அது உறங்கும் தொற்று. ஒட்டுறுப்பு பதிந்து, காய் பழுக்கும்வரை அடங்கிக் கிடந்திருக்கிறது. ஆகவே 5-ம் நாள் மதிப்பெண் போட்டுவிட்டு மூடிவிடாமல், காய் நிறம் மாறும்வரை பார்க்க வேண்டும். கடைசியில் புதுக் குழியிலிருந்து மீண்டும் பிரித்து, அதே பூசணம்தானா என்று உறுதி செய்ய வேண்டும்.

பெயர் தெரிந்தால் மாறுவது

விதையோடு பரவுவதும், செடிக் குப்பையில் தங்குவதும், மழைத்துளி தெறித்துப் பரவுவதும் எல்லாச் சிற்றினங்களுக்கும் பொது. வித்துகள் பிசினுக்குள் இருப்பதால் வறண்ட காற்றில் பறக்காது. நோயில்லாத காயிலிருந்து விதை எடுப்பது, 52 டிகிரி நீரில் 30 நிமிடம் விதையை நனைப்பது, கிலோவுக்கு 4 கிராம் திரம் அல்லது காப்டான் கலப்பது, நுனிக்கருகல் கண்டவுடன் லிட்டருக்கு 2 கிராம் மாங்கோசெப் அல்லது 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு 15 நாள் இடைவெளியில் தெளிப்பது: இவற்றுக்குச் சிற்றினப் பெயர் தேவையில்லை. வெந்நீர் 2 டிகிரி கூடினாலும் முளைப்பு அடிபடும், குறைந்தால் பூசணம் பிழைக்கும். வெப்பமானி இல்லாமல் கைப்பதத்தில் செய்யக்கூடாத வேலை இது.

ஊடுருவும் மருந்துக்கு வரும்போது பெயர் வேண்டும். அக்யூட்டேட்டம் கூட்டம் கார்பென்டாசிம், பெனோமில் வகைக்கு இயல்பிலேயே குறைவாகக் கட்டுப்படுவது. குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டம் முதலில் கட்டுப்பட்டு, பிறகு பீட்டா டியூபுலின் 198-ம் இடத்தில் ஏற்படும் மாற்றத்தால் எதிர்ப்புப் பெறும். முன்னதில் அந்த மருந்தை எடுக்கவே கூடாது. பின்னதில் மாற்றி மாற்றித் தெளித்தால் சில காலம் ஓட்டலாம். 'மருந்து போலி' என்று கடைக்காரரோடு நடக்கும் சண்டைகளில் சில, உண்மையில் சிற்றினம் தெரியாமல் வந்தவை.

ரகத் தேர்விலும் இதே கதை. தைவானின் உலகக் காய்கறி மையம் வழியாகப் பரவிய பி.பி.சி. 932 என்ற, காப்சிகம் சைனென்ஸ் இனத்து மிளகாயில், அன்று காப்சிசி எனப்பட்ட பூசணத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது. அதில் பச்சைக் காய்க்கு ஒரு மரபணு, பழுத்த காய்க்கு வேறு, நாற்றுக்கு வேறு என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். ஆகவே 'எதிர்ப்பு ரகம்' என்ற சான்றில் எந்தச் சிற்றினம், காயின் எந்தப் பருவம், காயப்படுத்தியா இல்லையா என்ற மூன்றும் இல்லாவிட்டால் அது வயலில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அறிக்கையில் எழுதுவது

சான்று எங்கே நிற்கிறதோ பெயரும் அங்கே நிற்க வேண்டும். நுண்ணோக்கி மட்டும் என்றால் 'கொலிட்டோட்ரைக்கம், வளைந்த வித்து'. நேர்வித்தும் ஐ.டி.எஸ்.சும் மட்டும் என்றால் 'குளோயோஸ்போரியாய்டிஸ் சிற்றினக் கூட்டம்'. பல மரபணு மரத்தில் இடம் கிடைத்திருந்தால் 'சியாமென்ஸ்'. ட்ரங்கேட்டம் என்று எழுதும்போது பக்கத்தில் 'முன்பு காப்சிசி' என்று சேர்ப்பது நல்லது. 2009-க்கு முந்தைய இலக்கியம் முழுதும் அந்தப் பெயரில்தான் கிடக்கிறது, மருந்துச் சீட்டுகளும் இன்னும் மாறவில்லை. குளோமெரெல்லா என்ற பெயரைப் பழைய கட்டுரைகளில் காணலாம். பால்நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு இன்னொரு பெயர் என்ற இரட்டைமுறை 2011-ல் மெல்போர்ன் மாநாட்டோடு முடிந்துவிட்டது. இப்போது இரண்டுக்கும் கொலிட்டோட்ரைக்கம் ஒன்றே.

பெயரிட்ட தனிமத்தை டெல்லி ஐ.டி.சி.சி. அல்லது புனே என்.எஃப்.சி.சி.ஐ. போன்ற கல்ச்சர் சேமிப்பகத்தில் வைத்து, எண் வாங்கி, அந்த எண்ணை அறிக்கையிலும் ஜென்பேங்க் பதிவிலும் குறிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு நகலை 20% கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம்; வசதி இல்லையென்றால் வித்து படிந்த வடிதாள் துண்டுகளை உலர்த்தி 4 டிகிரியில் வைக்கலாம். குழாயின் மேல் ரகம், ஊர், நாள், காயா கிளையா, பச்சையா பழமா, ஒற்றை வித்தா என்ற ஆறும் எழுதியிருக்க வேண்டும். சிற்றினப் பெயரைப் பென்சிலால் எழுதினாலும் போதும்.